வேக அபராதச் சலான் வந்தால்: பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை (சென்னை)

வேக வரம்பை மீறியதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்ததும் சென்னையில் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பதறிப்போய் அந்த நிமிடமே பணத்தைக் கட்டுகிறார்கள். அல்லது "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறப்போடுகிறார்கள். எங்கள் அடுக்ககத்தில் யாருக்குச் சலான் வந்தாலும் என்னிடம் கைப்பேசியை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. நீட்டும்போதே பாதிப் பேர் பணத்தைக் கட்டி முடித்திருப்பார்கள். ஓரிருவர் போலி இணைப்பைத் தொட்டிருப்பார்கள்.

பணம் கட்டுவது கடைசிப் படி. அதற்கு முன் சலான் உண்மையானதா, படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா, அந்த இடத்து வரம்பு என்ன என்று பார்த்தாக வேண்டும். கட்டிய பிறகு "அது என் வண்டியே இல்லை" என்று போய் நின்றால் கேட்கும் முதல் கேள்வி, "அப்படியானால் ஏன் கட்டினீர்கள்?" என்பதுதான்.

1. முதலில் கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஆர்.சி. புத்தகம் அல்லது அட்டை, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுச் சான்று. இவற்றில் முக்கியம் ஆர்.சி. வண்டி எண்ணை வைத்துத் தேடும்போது இணையதளம் சேசிஸ் எண் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி 5 இலக்கங்களைக் கேட்கும். அந்த நேரத்தில் கீழே இறங்கிப்போய் வண்டியடியில் டார்ச் அடித்துப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஆர்.சி.யிலேயே இருக்கிறது.

அடுத்தது கைப்பேசி எண். வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது மகன், பதிவில் இருப்பது பத்து வருடத்துக்கு முன் டீலர் கடையில் கொடுத்த பழைய எண். இப்படித்தான் பல வீடுகளில் இருக்கிறது. சலான் போட்டதே தெரியாமல், அது நீதிமன்றத்துக்குப் போன பிறகு தெரியவருவதற்கு இதுதான் காரணம். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். சலான் வருமுன்பே செய்ய வேண்டிய வேலை இது. இன்று வரை செய்யவில்லை என்றால் இப்போதே செய்துவிடுங்கள்.

2. செய்தி உண்மையானதா?

இதை இரண்டாவது படியாக வைத்ததற்குக் காரணம், இங்கே தவறினால் 1,000 ரூபாயோடு போகாது, வங்கிக் கணக்கே காலியாகும். வாட்ஸ்அப்பில் "உங்கள் வாகனத்துக்குச் சலான்" என்று சொல்லி ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்று வரும். வண்டி எண் சரியாகவே இருக்கும், அரசு முத்திரையும் இருக்கும். கோப்பைத் திறந்து நிறுவினால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் மோசடிக்காரனுக்கும் போகும்.

விதி எளிது. காவல்துறை எந்தச் செயலியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி நிறுவச் சொல்லாது. உண்மையான செய்தி 10 இலக்கத் தனியார் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. செய்தி உண்மையாகவே தோன்றினாலும் அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். உலாவியில் பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறவுங்கள். முகவரியில் "பரிவாகன்" என்ற பெயரை அடுத்து "கவ் டாட் இன்" வந்து அதோடு முடிய வேண்டும். நடுவில் கோடு, கூடுதல் எழுத்து, "டாட் காம்" எது இருந்தாலும் மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால் இணையத்தைத் துண்டித்து, வங்கிக்குச் சொல்லி, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். சலான் விவகாரத்தை அப்புறம் பார்க்கலாம்.

3. சலானைத் திறந்து முழுதாகப் படியுங்கள்

தளத்தில் சலான் எண், வண்டி எண், உரிம எண் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். வண்டி எண்ணைக் கொடுப்பதே நல்லது. குறுஞ்செய்தி வராத பழைய சலான்களும் அப்போது சேர்ந்து வரும்.

தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப்பிரிவு, போட்ட அதிகாரி அல்லது காவல் நிலையம், இணைத்திருக்கும் படம் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். தளம் சில நாள் இயங்காமல் போவதும், படம் திறக்காமல் இருப்பதும் புதிதல்ல.

வேகத்துக்கான பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183. சட்டப்படி இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. சலானில் வரும் தொகை, தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் திருத்தியமைத்த பட்டியலின்படி போடப்படுவது. ஒரே சலானில் இரண்டு மூன்று பிரிவுகள் சேர்ந்திருக்கலாம். வேகம் ஒன்று, ஹெல்மெட் இல்லாததற்கு இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் இருக்கக்கூடும்.

4. எந்த வகைச் சலான் என்று பிரியுங்கள்

மூன்று வகை உண்டு. சாலையில் நிறுத்தி, கைக்கருவியில் வண்டி எண்ணைத் தட்டிப் போடுவது ஒன்று. நிறுத்தாமல் ஓரத்தில் நின்று படம் எடுத்து, பிறகு போடுவது இரண்டு. தானியங்கிக் கேமரா பிடித்துப் போடுவது மூன்று.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், வாதிட வேண்டிய இடம் வகைக்கு வகை மாறும். கைக்கருவியில் தட்டியது என்றால் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்க வாய்ப்புண்டு. கேமரா என்றால் எண் பலகையைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்புண்டு. நிறுத்திப் பேசிப் போட்ட சலானில் "நான் அங்கே போகவே இல்லை" என்று சொல்ல முடியாது.

கேமரா, வேகத் துப்பாக்கி போன்ற மின்னணுக் கருவிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனி விதி இருக்கிறது: 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ. குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எண் பலகையும் குற்றமும் தெளிவாகத் தெரியும் படம் இருக்க வேண்டும். கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு உள்ள இடத்துக்கு முன் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். மனு எழுதும்போது இந்த விதி எண்ணைக் குறிப்பிட்டால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் 16ஆம் நாள் அறிவிப்பு வந்தது என்பதற்காகச் சலான் தானாக ரத்தாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். அது உங்கள் வாதத்துக்கு ஒரு வலு, அவ்வளவுதான்.

5. படத்தை உருப்பெருக்கிப் பாருங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். கணினித் திரையில் திறந்து பெரிதாக்குங்கள். கைப்பேசித் திரை போதாது.

முதலில் எண் பலகை. ஆங்கில எழுத்து "பி"யும் எண் 8உம், "ஓ", "டி", பூஜ்யம் மூன்றும், "ஐ"யும் 1உம் ஒன்றுக்கொன்று மாறும். டி.என். 07 திருவான்மியூர், டி.என். 09 கே.கே. நகர் என்று அலுவலக எண் ஓர் இலக்கம் பிசகினாலும் சலான் வேறொருவர் வாசலுக்குப் போகும். பலகையில் மண், வளைந்த ஓரம், ஸ்டிக்கர், நாகரிக எழுத்து இருந்தால் இந்தக் குழப்பம் கூடும்.

அடுத்து வண்டி. எண் ஒத்துப்போனாலும் வண்டி ஒத்துப்போகிறதா? உங்களுடையது சாம்பல் நிற ஸ்கூட்டர், படத்தில் இருப்பது கறுப்பு மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு வாய்ப்புகள்: தவறாகப் படித்திருக்கிறார்கள், அல்லது யாரோ உங்கள் எண்ணைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். பின்னதாக இருந்தால் சலான் ரத்தோடு நிறுத்தாதீர்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்குங்கள். அந்த வண்டி நாளை விபத்தில் சிக்கினால் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

பக்கப் பெட்டி, கண்ணாடி, இருக்கை உறை, பின்பக்கக் கீறல், பம்பரில் ஒட்டிய கோயில் ஸ்டிக்கர் போன்ற சின்ன அடையாளங்கள் மனுவில் பெரிதாக உதவும். உங்கள் வண்டியை அதே கோணத்தில் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, படத்தில் எத்தனை வண்டிகள்? வேகத் துப்பாக்கிகளில் ராடார் வகையின் கற்றை தூரம் போகப் போக அகலமாகும். நெரிசலான சாலையில் எந்த வண்டியின் வேகம் பதிவானது என்ற சந்தேகம் நியாயமானது. லேசர் வகையின் கற்றை குறுகலானது, குறிவைத்த வண்டியைத்தான் பெரும்பாலும் அளக்கும். ஆகவே படத்தில் அருகருகே இரண்டு வண்டிகள் இருந்தால் "எந்தக் கருவி, எந்த வண்டி" என்று கேட்பது பொருளுள்ள கேள்வி.

பொருளில்லாத கேள்வியும் ஒன்று உண்டு. "சாலை ஓரத்திலிருந்து சாய்வாகப் பிடித்தார்கள், அதனால் வேகம் கூடுதலாகக் காட்டியது" என்பார்கள். நின்ற இடத்திலிருந்து சாய்கோணத்தில் அளந்தால் கருவி உண்மை வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும். இந்த வாதத்தை வைத்தால் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

"என் மீட்டரில் 50தான் காட்டியது" என்பதும் அப்படியே. வண்டியின் வேகமானி பெரும்பாலும் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுகிறது. விதிவிலக்கு, பெரிய அளவு டயர் மாற்றியவர்கள். அவர்களுக்கு மீட்டர் குறைத்துக் காட்டும். அதுவும் வாதமாகாது, மெக்கானிக்கிடம் போவதற்கான காரணம்தான்.

6. அந்த இடத்தின் வரம்பு என்ன?

சென்னை மாநகரக் காவல் எல்லையில் 2023 நவம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்த வரம்புகள் இவை. கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு மணிக்கு 60 கி.மீ., கனரக வாகனங்களுக்கு 50, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30.

அடிக்கடி தடுக்கி விழும் இடம், "பக்கத்தில் போன காரின் வேகத்தில்தான் போனேன்" என்பது. 57இல் போன கார் தப்பித்தது, அதே 57இல் போன பைக்குக்குச் சலான் வந்தது என்றால் அதில் அநியாயம் ஏதுமில்லை, வரம்பே வேறு. இன்னொன்று குடியிருப்புத் தெரு. இரவு பத்து மணிக்கு ஆளில்லாத தெருவில் 45 என்பது ஓட்டுபவருக்கு ஊர்வதுபோல இருக்கும். வரம்பைவிட 15 அதிகம். 30 என்பது குறைவு என்று பலர் எரிச்சல்படுகிறார்கள். திண்ணையிலிருந்து குழந்தை இறங்கும் தெருவுக்கு அது சரியான எண் என்பதே என் கருத்து.

காவல் எல்லையையும் கவனியுங்கள். 2022 முதல் தாம்பரமும் ஆவடியும் தனித்தனி மாநகரக் காவல் ஆணையரகங்கள். பள்ளிக்கரணை, பல்லாவரம் தாம்பரத்தில் வரும். அம்பத்தூர், பூந்தமல்லி ஆவடியில் வரும். பல்லாவரத்தில் வாங்கிய சலானை எடுத்துக்கொண்டு வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்குப் போய் ஒரு நாளை வீணாக்கியவர்கள் உண்டு. சலானில் உள்ள இடத்தையும் நிலையத்தையும் பார்த்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

7. ஓட்டியது நீங்கள்தானா?

நோட்டீஸ் வருவது உரிமையாளருக்கு. ஓட்டியவர் மைத்துனராகவோ கடைப் பையனாகவோ இருக்கலாம். பிரிவு 133இன்படி யார் ஓட்டினார் என்ற விவரத்தைக் காவல்துறை கேட்டால் சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை. "தெரியாது" என்று சொல்லித் தப்புவது நடக்காது.

ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் இது வேகச் சலான் விஷயமே அல்ல. பிரிவு 199ஏ பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கிறது. வழக்கறிஞரைப் பாருங்கள், இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

விற்ற வண்டிக்குச் சலான் வருவது தனி வேதனை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். பெயர் மாறாதவரை பதிவில் நீங்கள்தான் உரிமையாளர். விற்பனை ஒப்பந்த நகல், வாங்கியவரின் அடையாளச் சான்று, வண்டி ஒப்படைத்த தேதி நேரத்தோடு கூடிய ரசீது இருந்தால் மனுவோடு இணையுங்கள். இல்லையென்றால் முதலில் வாங்கியவரைப் பிடித்துப் பெயர் மாற்ற வையுங்கள். இல்லாவிட்டால் சலான்கள் வந்துகொண்டே இருக்கும்.

8. தவறு உங்களுடையது என்றால் கட்டுங்கள்

வண்டி உங்களுடையது, படம் தெளிவு, வேகம் வரம்புக்கு மேல் என்றால் இழுத்தடிக்க வேண்டாம். நிலுவைச் சலான் இருந்தால் பெயர் மாற்றம், தடையின்மைச் சான்று போன்ற ஆர்.டி.ஓ. வேலைகள் தடைபடும். அவசரமாக வண்டியை விற்க நினைக்கும்போதுதான் அது தெரியவரும்.

ரொக்கமாகக் கட்ட வேண்டாம். சென்னையில் 2018 மே முதல் போக்குவரத்து அபராதம் ரொக்கமில்லா முறைக்கு மாறிவிட்டது. சாலையில் யாரிடமும் நோட்டை நீட்டாதீர்கள்; வாங்குபவரும் தவறு செய்கிறார், கொடுப்பவரும் தவறு செய்கிறார், சலானும் நிலுவையில் அப்படியே இருக்கும். கணக்கிலிருந்து பணம் போய், தளத்தில் "நிலுவை" என்றே காட்டினால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, தளத்திலேயே உள்ள பணப்பரிவர்த்தனை சரிபார்ப்புப் பகுதியில் பாருங்கள். பெரும்பாலும் தாமதம்தான்.

9. தவறு உங்களுடையது இல்லை என்றால்

முதல் கதவு, இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதி. சலான் எண்ணைக் கொடுத்து, படங்களை இணைத்து, காரணத்தைச் சுருக்கமாக எழுத வேண்டும். இங்கே புதியவர்கள் கோபத்தை எல்லாம் கொட்டிவிடுகிறார்கள். சாலையில் உள்ள பள்ளம், வரிப்பணம், அமைச்சர் கான்வாய் எல்லாம் வந்துவிடும். எண் பலகை மட்டும் வராது. இப்படி எழுதினால் போதும்:

"சலான் எண் … இல் குறிப்பிட்ட வாகனம் என்னுடையதல்ல. என் வாகனம் சாம்பல் நிற ஸ்கூட்டர். சலான் படத்தில் இருப்பது கறுப்பு நிற மோட்டார் சைக்கிள். படத்தில் உள்ள எண் பலகையின் கடைசிக்கு முந்தைய இலக்கம் 8 அல்ல, 3. ஆர்.சி. நகலும் என் வாகனத்தின் படமும் இணைத்துள்ளேன். சலானை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

புகார் எண் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அதே மனுவை அச்செடுத்து, சலான் போட்ட போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கே போங்கள். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். காலை, மாலை நெரிசல் நேரத்தில் ஆய்வாளர் சாலையில் நிற்பார். நண்பகலை ஒட்டிப் போனால் ஆளைப் பிடிக்கலாம். அங்கும் நகரவில்லை என்றால் சம்பந்தப்பட்ட ஆணையரகம், முதல்வரின் உதவி மையம் 1100 என்று மேலே போகலாம்.

சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையவழியில் வழக்கைக் கையாளும் நீதிமன்றம்) போய்விட்டால் காவல் நிலையத்தில் நிற்பதில் பயனில்லை. விஷயம் அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் கைப்பேசி எண் அல்லது வண்டி எண்ணைக் கொடுத்தால் வழக்கு தெரியும். முன்மொழிந்த அபராதத்தைக் கட்டுவது, வழக்காடுவது என்று இரண்டு வழிகள் காட்டும். முதலாவதைத் தேர்ந்தால் வழக்கு முடியும். இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். வரச்சொன்ன தேதியில் போய் நிற்க வேண்டும். ஆர்வக் கோளாறில் "வழக்காடுகிறேன்" என்று அழுத்திவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் விடுவது, கட்டாமல் விடுவதைவிட மோசம்.

நீதிமன்றத்துக்குப் போவதென்றால் பிரிவு 183இன் மூன்றாம் உட்பிரிவைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரே ஒரு சாட்சி "வேகமாகப் போனார் என்று எனக்குப் பட்டது" என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. அந்தக் கருத்து இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் அளவைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். சலானில் வேக அளவே இல்லாமல் "அதிவேகம்" என்று மட்டும் இருந்தால் இது உங்களுக்கு வலுவான பிடி. அளவு இருந்தால் இந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

ஒரு நாள் விடுப்பு, வண்டிச் செலவு, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் 1,000 ரூபாயைத் தாண்டிவிடும் என்பது உண்மைதான். எண் பலகை தவறாகப் படிக்கப்பட்டது என்றால் அப்போதும் போராடத்தான் வேண்டும் என்பேன், ஏனெனில் அந்தத் தவறு திரும்பத் திரும்ப வரும். 52க்குப் போட்டார்களா 54க்குப் போட்டார்களா என்ற தகராறு என்றால் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

10. முடிந்த பிறகு

ரத்தானாலும் கட்டினாலும், சில நாள் கழித்து வண்டி எண்ணைக் கொடுத்து மறுபடி தேடுங்கள். "ரத்து செய்துவிட்டோம்" என்று வாய்மொழியாகச் சொன்ன சலான் தளத்தில் உயிரோடு இருப்பதுண்டு. ரசீதையும் ரத்து விவரத்தையும் ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள். வண்டியை விற்கும்வரை தேவைப்படும்.

பழைய வண்டி வாங்குபவர்களும் இதே தேடலை முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்யுங்கள். சேசிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கங்களைத் தர விற்பவர் தயங்கினால், நிலுவைச் சலான்களை அவர் கட்டி முடித்துத் தளத்தில் காட்டும்வரை பணத்தைக் கையை விட்டு விடாதீர்கள்.